நெகட்டிவ் என்று எழுதுவதற்கு முன்: கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து ஒரு மார்பகப் புற்றுநோய் நிகழ்வு ஆய்வு

2016 ஆகஸ்ட் மாத இறுதியில், காவேரிப்பட்டணத்தை அடுத்த ஒரு கிராமத்தைச் சேர்ந்த 54 வயதுப் பெண்ணின் பாராஃபின் பிளாக்குகளும் (மெழுகில் பதித்த திசுத் துண்டுகள்) ஸ்லைடுகளும் மறுகருத்துக்காக எங்கள் நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு வந்தன. ஓசூரில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் அவருடைய மகள்தான் அவற்றைக் கொண்டுவந்திருந்தார். அடுத்த ஏழு ஆண்டுகளில் அந்தப் பெண்ணின் திசுவை நான் மூன்று முறை நுண்ணோக்கியில் பார்க்க நேர்ந்தது. ஒரு கட்டியின் உயிர்க்குறியீடுகள், அதாவது திசுவிலோ இரத்தத்திலோ அளக்கக்கூடிய புரதம், மரபணு போன்ற அடையாளங்கள், நோய் திரும்புவதைப் பற்றியும் மருந்து வேலை செய்வதைப் பற்றியும் எவ்வளவு தூரம் முன்கூட்டிச் சொல்லும், அந்தச் சொல் எந்த இடங்களில் பொய்த்துப்போகும் என்பதை இந்த ஒரு நிகழ்வு எனக்குக் கற்பித்த அளவுக்குப் பாடநூல்கள் கற்பிக்கவில்லை. நோயாளியின் ஒப்புதலுடன், அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

அவருக்கு மாதவிடாய் நின்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். குடும்பத்தில் வேறு யாருக்கும் மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்ததில்லை. இடது மார்பில் வலியில்லாத ஒரு கட்டி தென்படுவதை மார்ச் மாதமே கவனித்திருக்கிறார். ஆனால் ஏப்ரல் தொடங்கினால் மாங்காய் மண்டியில் தரம் பிரிக்கும் வேலை வந்துவிடும். கூழ் தொழிற்சாலைகளுக்குக் கிளிமூக்கு மாங்காய் லாரி லாரியாகப் போகும் அந்த மூன்று நான்கு மாதக் கூலியில்தான் ஆண்டின் பெரும்பகுதிக் கடன் அடைபடும். வலியும் இல்லை என்பதால் சீசன் முடியட்டும் என்று காத்திருந்து ஜூலை மாதம் மருத்துவரிடம் போயிருக்கிறார். ஊசி மூலம் உயிரணுக்களை உறிஞ்சிப் பார்த்ததில் புற்றுநோய் என்று தெரிந்து, ஒரு சனிக்கிழமை பிற்பகலில் இடது மார்பகமும் அக்குளின் நிணநீர்க் கணுக்களும் அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்டன.

முதல் அறிக்கை இப்படி இருந்தது: ஊடுருவும் நாளப் புற்றுநோய், தரம் 2 (உயிரணுக்கள் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியுள்ளன என்பதற்கு 1 முதல் 3 வரை தரும் அளவு), அளவு 3.4 செ.மீ., எடுக்கப்பட்ட 14 நிணநீர்க் கணுக்களில் இரண்டில் பரவல். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்) நெகட்டிவ், புரோஜெஸ்டிரோன் ஏற்பி நெகட்டிவ், கட்டியின் வளர்ச்சியைத் தூண்டக்கூடிய ஹெர்-2 புரதம் 0 முதல் 3+ வரையான அளவில் 1+, அதாவது நெகட்டிவ். மூன்றும் இல்லாத இந்த வகையை மருத்துவ வழக்கில் 'டிரிப்பிள் நெகட்டிவ்' என்பார்கள். 2016-இல் அதன் பொருள், மருந்துகளில் கீமோ மட்டுமே வழி, ஹார்மோன் மாத்திரையால் பயனில்லை, முதல் மூன்று ஆண்டுகளுக்குள் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதாக இருந்தது. மகளுக்கு இதை விளக்கிய புற்றுநோய் மருத்துவர், டிரிப்பிள் நெகட்டிவ் கட்டிகள் பெரும்பாலும் தரம் 3 ஆகவே இருக்கும் என்பதால், தரம் 2 என்பதும் டிரிப்பிள் நெகட்டிவ் என்பதும் சேர்ந்து வந்ததில் ஐயம் கொண்டு, பிளாக்குகளை வாங்கி மறுபடி பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஐயத்துக்கு நான் இன்றும் நன்றியுடையவள்.

ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்தவுடன் என் கண் போனது கட்டியின் மீதன்று, அதன் ஓரத்தில் எஞ்சியிருந்த இயல்பான பால் நாளங்களின் மீது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிச் சோதனையில், அந்தப் புரதத்தோடு ஒட்டக்கூடிய எதிர்ப்பொருளைத் திசுவின் மீது இட்டு, அது ஒட்டிய இடங்களைப் பழுப்பு நிறமாக்குகிறோம். புற்றுநோய் உயிரணுக்களில் அந்த ஏற்பி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இயல்பான பால் நாளங்களில் ஆங்காங்கே சில உயிரணுக்களின் உட்கரு கட்டாயம் பழுப்பாக வேண்டும். இயற்கையே அதே கண்ணாடித் துண்டின் மீது வைத்திருக்கும் சான்று அது. அகக் கட்டுப்பாடு என்று அதைச் சொல்கிறோம். அந்த ஸ்லைடில் ஒரு நாளம்கூட நிறம் ஏற்றிருக்கவில்லை. கட்டி வெளுத்திருந்தது போலவே நாளங்களும் வெளுத்திருந்தன. சாயம் ஏற வேண்டிய இடத்திலேயே ஏறவில்லை என்றால், ஏறாத மற்ற இடங்களைப் பற்றி நாம் எதுவும் சொல்ல முடியாது. அந்த அறிக்கையில் 'மதிப்பிட இயலவில்லை' என்று எழுதியிருக்க வேண்டும். 'நெகட்டிவ்' என்று எழுதியிருக்கக் கூடாது.

தரம் 2 என்பதையும் நான் அப்படியே நம்பவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். திசு காலத்தோடு பதப்படாவிட்டால், பிரியும் நிலையில் உள்ள உயிரணுக்களை எண்ணுவதும் கடினமாகி, தரம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். எனவே அனுப்பிய மருத்துவரின் ஐயம் சரியான இடத்துக்கு எங்களை இட்டுச்சென்றாலும், ஐயத்தை உறுதியாக்கிய சான்று நாளங்களின் வெளுப்பே.

என்ன நடந்தது என்பதை மகளிடமும் ஆய்வகத்திடமும் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. அகற்றிய மார்பகம் முழுதாக, வெட்டப்படாமல், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போடப்பட்டு, பாதி அளவே மூழ்கும்படி ஃபார்மலின் ஊற்றப்பட்டிருக்கிறது. மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை காலையில்தான் டப்பா பேருந்தில் ஆய்வகம் போய்ச் சேர்ந்திருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. சிறிய ஊர்களில் அறுவை அரங்கில் வேலை பார்க்கும் பலருக்கு, டப்பாவை மூடியதோடு தங்கள் வேலை முடிந்துவிட்டது என்றுதான் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது.

டப்பாவுக்குள் நடப்பது

உடலிலிருந்து பிரிந்த கணத்திலிருந்து திசு இரத்தமில்லாமல் இறக்கத் தொடங்குகிறது. உயிரணுவுக்குள் இருக்கும் நொதிகளே அதன் புரதங்களைச் சிதைக்கின்றன. ஃபார்மலின் அந்தச் சிதைவை நிறுத்தி, புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இருந்தபடியே நிறுத்திவைக்கிறது. ஆனால் அது திசுவுக்குள் மெதுவாகத்தான் ஊறும். தோராயமாக மணிக்கு ஒரு மி.மீ. என்று நாங்கள் கணக்கு வைத்துக்கொள்வோம், கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் அதுவும் நடப்பதில்லை. முழு மார்பகத்தின் நடுவே கிடக்கும் 3.4 செ.மீ. கட்டியை அது எட்டுவதற்குள் ஏற்பிப் புரதங்களில் பெரும்பகுதி அழிந்துபோயிருக்கும். அதன் பிறகு ஆய்வகக் கருவியில் நீர் நீக்கச் சேர்க்கப்படும் ஆல்கஹால், பதப்படாமல் எஞ்சியிருக்கும் நடுப்பகுதியைத் தன் போக்கில் இறுக்கிவிடுவதால், சாதாரண இளஞ்சிவப்பு நீலச் சாயத்தில் பார்க்கும்போது திசு ஓரளவு நன்றாகவே தோன்றும். ஏமாற்றமே அங்குதான் தொடங்குகிறது.

இதற்காகவே அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கமும் நோய்க்குறியியலாளர்களின் கல்லூரியும் சேர்ந்து வகுத்த விதிகள், திசு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இறங்க வேண்டும் என்றும், அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. கட்டியின் குறுக்கே சிறு இடைவெளிகளில் வெட்டிவிட வேண்டும்; ஃபார்மலின் திசுவின் அளவைப்போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும். இவை எதற்கும் பெரிய செலவு இல்லை. ஒரு கத்தி, ஒரு பெரிய வாளி, டப்பாவின் மேல் எழுதப்பட்ட இரண்டு நேரங்கள், அதாவது எடுத்த நேரமும் ஊற்றிய நேரமும், இவ்வளவே தேவை.

சிறிய ஊர்களின் குறை என்று மட்டும் இதைத் தள்ளிவிட முடியாது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தில் 1997 முதல் 2005 வரை செய்யப்பட்ட ஹார்மோன் ஏற்பிச் சோதனைகளில் ஏறத்தாழ 400 பெண்களின் முடிவு தவறாக இருந்தது. ஹார்மோன் சிகிச்சை கிடைத்திருக்க வேண்டிய பலருக்கு அது கிடைக்காமல் போனது. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டு, 2009-இல் அறிக்கை வெளிவந்தது. திசுவைப் பதப்படுத்துவதிலிருந்து சோதனையை வாசிப்பது வரை, தரக் கட்டுப்பாடு ஏறத்தாழ எல்லா நிலைகளிலும் தளர்ந்திருந்ததை அந்த அறிக்கை காட்டியது. என் மாணவர்கள் எவருக்கும் நான் முதல் வகுப்பில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

எங்களிடம் இருந்த பிளாக்குகளில் மூன்றாவது, நோய் பரவிய நிணநீர்க் கணுவின் பிளாக். கணுக்கள் இருந்த அக்குள் கொழுப்பு டப்பாவின் அடியில் ஃபார்மலினுக்குள் கிடந்திருக்கிறது. கணுவோ அவரைக்கொட்டை அளவுதான். எனவே மார்பகத்தில் அழிந்தது கணுவில் பிழைத்திருக்கலாம் என்று கருதி, சோதனைகள் அனைத்தையும் அந்தப் பிளாக்கில் மறுபடி செய்தோம். கூடவே, பாசிட்டிவ் என்று ஏற்கெனவே தெரிந்த வேறொரு திசுவையும் அதே ஸ்லைடில் ஒட்டிக்கொண்டோம், ஏனெனில் நிணநீர்க் கணுவில் பால் நாளங்கள் இருக்காது. சான்று வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

கணுவில் இருந்த புற்றுநோய் உயிரணுக்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி அடர்பழுப்பாகத் தெரிந்தது. விழுக்காட்டையும் அடர்த்தியையும் கூட்டி 8 வரை போடப்படும் ஆல்ரெட் மதிப்பெண்ணில் அது 8. புரோஜெஸ்டிரோன் ஏற்பி 40 விழுக்காடு. ஹெர்-2 இப்போது 2+, அதாவது இரண்டுங்கெட்டான். ஆகவே அந்த மரபணு பெருகியிருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் சோதனைக்கு பெங்களூருக்கு அனுப்பினோம். விகிதம் 1.3 என்று வந்தது. 2-க்குக் கீழே என்பதால் பெருக்கம் இல்லை. பெருக்கம் இருந்திருந்தால் ஹெர்-2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி ஓராண்டு தேவைப்பட்டிருக்கும். உயிரணுக்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 குறியீடு 18 விழுக்காடு.

ஆக, டிரிப்பிள் நெகட்டிவ் என்று எழுதப்பட்ட நோய் உண்மையில் ஹார்மோனைச் சார்ந்து வளரும் நோய். "ஹார்மோன் மாத்திரை வேணாம்னு ஒரு ரிப்போர்ட்டு, வேணும்னு இன்னொரு ரிப்போர்ட்டு. எதை டாக்டர் நம்பறது?" என்று மகள் கேட்டார். இரண்டு ஸ்லைடுகளையும் இருவர் சேர்ந்து பார்க்கும் நுண்ணோக்கியில் வைத்து, பழுப்பு ஏறாத நாளத்தையும் பழுப்பு ஏறிய கணுவையும் அவருக்கே காட்டினேன். நோயாளியின் குடும்பத்தாரை ஆய்வகத்துக்குள் அழைத்துக் காட்டுவது எங்கள் துறையில் வழக்கமில்லை. அன்று அதைச் செய்திராவிட்டால் அவர் நம்பியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

இந்தத் திருத்தத்தின் எடை எவ்வளவு என்பதற்கு, ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து இயங்கும் மார்பகப் புற்றுநோய் ஆய்வுக் கூட்டமைப்பு 2011-இல் வெளியிட்ட தொகுப்பு போதும். கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள பெண்கள், அந்த ஏற்பியை அடைக்கும் டாமோக்சிஃபென் மாத்திரையை ஐந்தாண்டுகள் எடுத்தால், நோய் திரும்புவது முதல் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் நிகழும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஏற்பி இல்லாதவர்களுக்கு அந்தப் பயன் எதுவும் இல்லை. சில ரூபாய் விலையுள்ள ஒரு மாத்திரைக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே நின்றது பாதி நிரம்பிய ஒரு டப்பா.

கீமோ தேவைதானா என்ற கேள்வி

அடுத்த கேள்விக்கு 2016-இல் எங்களிடம் தெளிவான விடை இல்லை. கணுவில் பரவல் இருந்தால் கீமோ என்பதே அன்றைய வழக்கம். அவருக்கும் அப்படியே தரப்பட்டது. அறுவை சிகிச்சையும் கீமோவும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் நடந்தன. கதிர் சிகிச்சைக்காகத் தொப்பூர்க் கணவாய் தாண்டிச் சேலத்துக்குப் போய்வந்தார்.

பின்னாளில் வெளிவந்த ஆய்வுகளை வைத்துப் பார்த்தால், அந்தக் கீமோ அவருக்குத் தேவைப்படாமல் இருந்திருக்கலாம். கட்டியில் 21 மரபணுக்களின் செயல்பாட்டை அளந்து, நோய் திரும்பும் வாய்ப்புக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும் ஆன்கோடைப் டிஎக்ஸ் சோதனையை அடிப்படையாகக் கொண்ட டெய்லர்எக்ஸ் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. கணுக்களில் பரவாத, ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத நோயில், 11 முதல் 25 வரை மதிப்பெண் பெற்றவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை மட்டுமே போதும் என்று அது காட்டியது. 50 வயதுக்கு உட்பட்ட சிலருக்கு மட்டும் கீமோவால் ஓரளவு பயன் இருந்தது. ஒன்று முதல் மூன்று கணுக்களில் பரவல் உள்ளவர்களைப் பற்றிய ஆர்எக்ஸ்பாண்டர் ஆய்வு 2021-இல் வந்தது. மாதவிடாய் நின்றவர்களில் மதிப்பெண் 25-க்கு மிகாமல் இருந்தால் கீமோவால் கூடுதல் பயன் இல்லை என்பது அதன் முடிவு. மாதவிடாய் நிலையிலும் கணுக்களின் எண்ணிக்கையிலும் எங்கள் நோயாளி இந்த வரையறைக்குள் வருகிறார்; மதிப்பெண் மட்டும் தெரியாது. ஆனால் அந்தச் சோதனைக்கான செலவு லட்சங்களில். மண்டிக் கூலியில் வாழும் ஒரு குடும்பத்திடம் அதைப் பற்றிப் பேசவே நாங்கள் தயங்குகிறோம் என்பதுதான் உண்மை.

பெங்களூரில் உருவாக்கப்பட்ட கேன்அசிஸ்ட் பிரெஸ்ட் என்ற சோதனை, மரபணுக்களுக்குப் பதிலாக ஐந்து புரதங்களை இதே பழுப்புச் சாய முறையில் பார்த்து, கட்டியின் அளவு, தரம், கணுக்களின் நிலை ஆகியவற்றோடு சேர்த்துக் கணக்கிடுகிறது. நம் நாட்டு நோயாளிகளின் கைக்கு எட்டும் திசையில் எடுத்து வைக்கப்பட்ட அடி என்ற அளவில் அதை வரவேற்கிறேன். ஆனால் புரதத்தைப் பார்க்கும் எந்தச் சோதனையும், மேலே சொன்ன அதே டப்பாவின் தயவில்தான் இருக்கிறது.

கேஐ-67 பற்றியும் ஒரு வார்த்தை. அதை அளப்பதில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபாடு வருவதால், 5 விழுக்காட்டுக்கு மிகாமல் இருந்தாலோ 30 விழுக்காட்டை எட்டினாலோதான் அதை நம்பி முடிவெடுக்கலாம் என்று பன்னாட்டுப் பணிக்குழு ஒன்று பரிந்துரைத்திருக்கிறது. எங்கள் நோயாளியின் 18 நடுவிலே நின்று எதுவும் சொல்லவில்லை. எனினும், ஒருமுறை அளப்பதைவிட இரண்டு முறை அளந்தால் இதே குறியீடு நிறையச் சொல்லும். பிரிட்டனில் 4,480 பெண்களிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளிவந்த பொயடிக் ஆய்வில், உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும் லெட்ரோசோல் வகை மாத்திரையை அறுவை சிகிச்சைக்கு முன் இரண்டு வாரங்களும் அதன் பின் இரண்டு வாரங்களும் கொடுத்து, மாத்திரை தொடங்கும் முன்பும் அறுவை சிகிச்சையின்போதும் கேஐ-67 அளக்கப்பட்டது. ஹெர்-2 இல்லாதவர்களில், தொடக்கத்தில் உயர்ந்திருந்த குறியீடு மாத்திரைக்குப் பின் தணிந்தவர்களுக்கு ஐந்தாண்டுகளில் நோய் திரும்பியது 8.4 விழுக்காடு, தணியாமல் உயர்ந்தே இருந்தவர்களுக்கு 21.5 விழுக்காடு. மருந்தைக் கொடுத்துப் பார்த்து, கட்டியையே பதில் சொல்ல வைக்கும் முறை இது. அறுவை சிகிச்சைக்கான தேதிக்காக எப்படியும் இரண்டு வாரம் காத்திருக்கும் நம் மாவட்டங்களின் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, பதினான்கு மாத்திரைகளின் செலவில் செய்யக்கூடிய சோதனை இதைவிட வேறில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாத்திரை நின்ற மாதங்கள்

2017 மார்ச் மாதத்திலிருந்து நாளுக்கு ஒரு லெட்ரோசோல் மாத்திரை. மூட்டுகளில் வலியும் காலையில் விரல்கள் மடங்காமல் இறுகுவதும் தொடங்கின. மாங்காய் தரம் பிரிக்கும் கைகளுக்கு அது சிறிய தொல்லையன்று. ஆனாலும் மூன்று ஆண்டுகள் தவறாமல் எடுத்துக்கொண்டார். இடையில் ஒரு தனியார் ஆய்வகத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஏ 15-3 இரத்தப் பரிசோதனையும் செய்துவந்திருக்கிறார். ஒருமுறை அது எல்லைக்கு மேல் சற்று ஏறியபோது வீடே உறக்கமிழந்தது; ஸ்கேனில் எதுவும் இல்லை, அடுத்த முறை தானாகவே இறங்கியது. எம்யூசி-1 என்ற புரதத்தின் துண்டுதான் சிஏ 15-3. கல்லீரல் நோய் போன்ற வேறு காரணங்களாலும் அது உயரும். நோய் பரவிய பிறகு சிகிச்சையின் போக்கைக் கவனிக்க அது உதவும். நோயின்றி இருப்பவர்களிடம் அதை வழக்கமாக அளந்து வருவதால் ஆயுள் கூடுவதாகச் சான்று இல்லாததால், மேலே சொன்ன அமெரிக்கச் சங்கம் அதைப் பரிந்துரைக்கவில்லை. அந்தப் பணம் பேருந்துக் கட்டணத்துக்கும் மாத்திரைக்கும் போயிருக்கலாம் என்று பின்னர் பலமுறை நினைத்திருக்கிறேன்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து பேருந்துகள் நின்றன. கையிலிருந்த மாத்திரை ஏப்ரலில் தீர்ந்தது. தீர்ந்ததும் சில வாரங்களில் மூட்டு வலி குறைந்தது. உடம்பு தேறிவிட்டது என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை. பேருந்துகள் ஓடத் தொடங்கிய பிறகும் அவர் மாத்திரை வாங்கப் போகவில்லை. ஏறத்தாழ இருபது மாதங்கள் இப்படிப் போயின. 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் ஊழியர்தான், "அந்த இன்னொரு மாத்திரை எங்கக்கா?" என்று டிசம்பரில் கேட்டிருக்கிறார். அதன் பிறகு மகள் அழைத்துவர, லெட்ரோசோல் மறுபடி தொடங்கியது.

உயிர்க்குறியீடு எந்த மருந்து பலிக்கும் என்று சொல்லும். அந்த மருந்து வயிற்றுக்குள் போயிற்றா என்பதை அது அறியாது. அதோடு, ஹார்மோன் சார்ந்த நோய்க்குக் காலம் நீண்டது. ஐந்தாண்டு ஹார்மோன் சிகிச்சையை நோயின்றி முடித்த 62,923 பெண்களைப் பற்றி அதே ஆக்ஸ்ஃபோர்டு கூட்டமைப்பு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 2 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டியும் ஒன்று முதல் மூன்று கணுக்களில் பரவலும் இருந்தவர்களில், ஐந்தாம் ஆண்டுக்கும் இருபதாம் ஆண்டுக்கும் இடையே 26 விழுக்காட்டினருக்கு உடலின் வேறிடங்களில் நோய் தோன்றியது. "அஞ்சு வருசம் ஆச்சே, இனி பயமில்லையே" என்று கேட்பவர்களிடம் ஆம் என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை.

திரும்பிய நோய், மீண்டும் திசு

2023 ஜூன் மாதம் நடு முதுகில் வலி. எம்ஆர்ஐ படத்தில் பன்னிரண்டாம் மார்பு முள்ளெலும்பிலும் இடுப்பெலும்பிலும் புண்கள். சிஏ 15-3 அளவு 86; இயல்பு எல்லை 30-ஐ ஒட்டியது. பழைய அறிக்கையை வைத்தே சிகிச்சையைத் தொடங்கிவிடலாம் என்று ஒரு கருத்து எழுந்தது. அதை நான் வலுவாக மறுத்தேன். திரும்பி வரும் நோயில் ஏற்பிகள் மாறிவிடுவது உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் நிலையும், மூன்றில் ஒருவருக்குப் புரோஜெஸ்டிரோன் ஏற்பியின் நிலையும் மாறியிருந்தன. அத்துடன், ஒருமுறை அறிக்கையால் ஏமாந்த ஒருவருக்கு இரண்டாம் முறை ஊகத்தின் மீது மருந்து கொடுக்க என் மனம் ஒப்பவில்லை.

ஸ்கேன் வழிகாட்டலில் இடுப்பெலும்பிலிருந்து ஊசித் திசு எடுக்கப்பட்டது. எலும்பை வெட்டுவதற்கு முன் அதிலுள்ள சுண்ணாம்பை நீக்க வேண்டும். பெரும்பாலான ஆய்வகங்களில் வழக்கம்போல் வலிய அமிலத்தில் போட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்த அமிலம் ஏற்பிப் புரதங்களையும் ஃபிஷ் சோதனைக்கு வேண்டிய மரபணுப் பொருளையும் சேர்த்தே சிதைத்துவிடும். 2016-இன் தவறு வேறொரு வேடத்தில் மறுபடி நிகழ இருந்தது. திசு எடுக்கும் மருத்துவரை முன்கூட்டியே தொலைபேசியில் அழைத்து, அமிலத்தைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டேன். ஊசியோடு வந்த மென்மையான துணுக்குகளைத் தனியே பிரித்து, சுண்ணாம்பு நீக்காமல் நேரடியாகப் பதப்படுத்தினோம். எலும்பு ஒட்டியிருந்த பகுதியை, சுண்ணாம்பை மெல்ல நீக்கி புரதங்களைக் காக்கும் ஈடிடிஏ கரைசலில் ஐந்து நாட்கள் ஊறவைத்தோம். ஐந்து நாள் தாமதத்துக்காக மகள் கோபித்துக்கொண்டார். அவர் கோபம் நியாயமானது. அம்மா வலியில் இருந்தார்.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி 80 விழுக்காடு. புரோஜெஸ்டிரோன் ஏற்பி முற்றிலும் இல்லை. இம்முறை கட்டுப்பாட்டுத் திசு நன்றாகப் பழுப்பேறியிருந்ததால் 'நெகட்டிவ்' என்று கையெழுத்திட முடிந்தது. ஹெர்-2 1+. புரோஜெஸ்டிரோன் ஏற்பி மறைந்ததும், லெட்ரோசோல் எடுத்துக்கொண்டிருந்தபோதே நோய் தலைகாட்டியதும் சேர்ந்து, அதே மாத்திரை இனிப் போதாது என்பதைச் சொல்லின. ஆனால் கட்டி இன்னும் ஈஸ்ட்ரோஜனை நம்பியே வாழ்கிறது என்பதால், கீமோவுக்குப் போகாமல் ஹார்மோன் வழியிலேயே அடுத்த படிக்குப் போக இடம் இருந்தது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியையே குலைத்துவிடும் ஃபுல்வெஸ்ட்ரான்ட் ஊசியும், உயிரணுப் பிரிவைத் தடுக்கும் பால்போசிக்லிப் மாத்திரையும் தொடங்கப்பட்டன. எலும்புக்கு ஸோலெட்ரோனிக் அமிலம், முதுகு வலிக்கு ஒரே முறை கதிர் சிகிச்சை. முன்பு ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காத நோயில் ஃபுல்வெஸ்ட்ரான்ட்டோடு பால்போசிக்லிப் சேர்ந்தால், நோய் முன்னேறாமல் இருக்கும் இடைக்காலம் 4.6 மாதங்களிலிருந்து 9.5 மாதங்களாக உயர்ந்ததை பலோமா-3 ஆய்வு காட்டியிருந்தது. 2023 தொடக்கத்தில் இந்தியாவில் அந்த மருந்தின் காப்புரிமை முடிந்து உள்நாட்டு நிறுவனங்களின் மாத்திரைகள் விற்பனைக்கு வந்திராவிட்டால், இந்தச் சிகிச்சையை அவருக்கு எழுதியே கொடுத்திருக்க முடியாது.

நான்காம் வாரத்தில் சிஏ 15-3 அளவு 86-லிருந்து 112-க்கு ஏறியது. மருந்து வேலை செய்யவில்லை என்று குடும்பம் கலங்கியது. பலிக்கும் சிகிச்சையிலும் முதல் நான்கு முதல் ஆறு வாரங்களில், சிதையும் உயிரணுக்களிலிருந்து வெளிவரும் புரதத்தால் இப்படி ஒரு தற்காலிக ஏற்றம் வருவதுண்டு. வலி குறைந்து வந்ததால் மருந்தை மாற்றாமல் காத்திருப்பது என்று அவருடைய புற்றுநோய் மருத்துவர் முடிவெடுத்தார். மூன்றாம் மாதத்தில் 61, ஆறாம் மாதத்தில் 34. ஸ்கேனில் எலும்புப் புண்களின் விளிம்புகள் வெளுத்து இறுகத் தொடங்கியிருந்தன. அது ஆறுவதன் அடையாளம். வெள்ளணுக்கள் குறைந்ததால் பால்போசிக்லிப்பின் அளவு ஒருமுறை குறைக்கப்பட்டது.

ஹெர்-2 1+ என்ற வரியை நான் இம்முறை அறிக்கையில் தெளிவாக எழுதிவைத்தேன். முன்பெல்லாம் அது வெறும் நெகட்டிவ். 2022-இல் வெளிவந்த டெஸ்டினி-பிரெஸ்ட்04 ஆய்வுக்குப் பின், பரவிய நோயில் கீமோவுக்குப் பிறகும் நோய் வளர்ந்தால், இவ்வளவு குறைந்த ஹெர்-2 உள்ளவர்களுக்கும் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் என்ற மருந்து பயன் தருகிறது. இன்று அதன் விலை அவருக்கு எட்டாதது. டிராஸ்டுசுமாப்பின் விலையும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இந்தியாவில் அதன் நிகர் மருந்துகள் வந்தபின் இறங்கியது.

கடைசியாக அவரை நான் பார்த்தது 2025 மே மாதத்தில். இடுப்புப் பட்டை அணிந்துகொண்டு, மண்டியில் பெட்டிக் கணக்கு எழுதும் வேலைக்கு மாறியிருந்தார். குனிந்து தூக்குவதை விட்டுவிட்டார். ஸ்கேன் நிலையாக இருந்தது. "டாக்டரம்மா, எங்கிட்ட இருந்து எடுத்தது இன்னும் உங்ககிட்ட இருக்குதா?" என்று கேட்டார். இருக்கிறது. நோய் மறுபடி வளர்ந்தால், அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் பிஐகே3சிஏ மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிவரும் என்பதால், 2016-இன் நிணநீர்க் கணு பிளாக்கைத் தேவையில்லாமல் யாரும் வெட்டக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டி, அலமாரியில் தனியாக வைத்திருக்கிறோம். அதில் ஏறத்தாழ ஒரு மி.மீ. தடிமனுக்குத் திசு மீதமிருக்கிறது.